கான்சாகிபு யார் பக்கம் நின்றார்?

மதுரை காளவாசலைத் தாண்டிச் சம்மட்டிபுரத்துக்குள் போனால், வீடுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளிவாசல் இருக்கிறது. 1808இல் சேக் இமாம் என்பவர் கட்டியது. அங்கே அடங்கியிருப்பது தலையும் கைகால்களும் இல்லாத ஒரு முண்டம் மட்டும்தான் என்பார்கள். 1764 அக்டோபர் 15ஆம் தேதி யூசுப்கானைத் தூக்கில் போட்டது இந்தப் பக்கத்தில்தான். தூக்கில் போட்டும் ஆத்திரம் தீராமல் உடலைத் துண்டு துண்டாக்கித் தலையைத் திருச்சிக்கும், மற்றவற்றைத் தஞ்சாவூர், பாளையங்கோட்டை, திருவிதாங்கூர், பெரியகுளம் என்று திசைக்கு ஒன்றாகவும் அனுப்பினார்கள் என்பது வழிவழியாக வருகிற செய்தி. பெரியகுளத்தில் அவருடைய கால் அடங்கிய இடம் என்று ஒரு பள்ளிவாசலை இன்றும் காட்டுகிறார்கள்.

மருதநாயகம் என்று சொன்னால் 1997இல் இங்கிலாந்து ராணி வந்து தொடங்கிவைத்த, முடிவடையாமலே நிற்கிற சினிமாப் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். யூசுப்கான், கான்சாகிபு, கும்மந்தான் கான்சாகிபு, மருதநாயகம் எல்லாம் ஒரே ஆள்தான். மதுரைக்குள் கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும் அவர் பேரால் வந்தவை. வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்று ஒரு ஊரே இருக்கிறது.

நான் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக்காரி. வாக்கப்பட்டு மதுரைக்கு வந்து, இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் ஊரில், நெற்கட்டும்செவல் பாளையக்காரர் புலித்தேவரின் கோட்டையை இடித்த பாவி கான்சாகிபு. குழந்தை அழுதால் ஆச்சி, “சும்மா இருல, கான்சாயபு வந்திருவான்” என்று அதட்டுவாள். மதுரைக்கு வந்தால் என் மாமனார் அதே மனிதரை மீனாட்சி கோயில் சொத்தைக் காப்பாற்றிக் கொடுத்த மகராசன் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசினார். அழகுமுத்துக்கோனைப் பீரங்கி வாயில் வைத்துக் கொன்ற படைக்குத் தலைவர் இவர்தான் என்பது எட்டயபுரம், கட்டாலங்குளம் பக்கத்து மக்களின் வழக்கு. வெள்ளைக்காரனை எதிர்த்துத் தூக்கில் தொங்கிய முன்னோடி என்று மேடைகளில் முழங்குகிறார்கள். இத்தனை பேச்சும் ஒரே ஆளைப் பற்றியது. எதையும் பொய் என்று தள்ள என்னால் முடியவில்லை.

அவர் பிறந்தது ராமநாதபுரம் சீமையில் பனையூரில், 1725ஐ ஒட்டி. இந்து வெள்ளாளர் குடும்பம். சின்ன வயசிலேயே வீட்டை விட்டு ஓடிப்போய் இஸ்லாத்தைத் தழுவினார். புதுச்சேரியில் ஐரோப்பியர் வீட்டில் வேலை, தஞ்சாவூரில் சிப்பாய் வேலை, நெல்லூரில் தண்டல்காரர், ஹவில்தார், சுபேதார் என்று படிப்படியாக ஏற்றம். இவரைப் பற்றி விரிவாக எழுதிய ஹில் என்ற ஆங்கிலேயரின் புத்தகம் 1914இல் வந்தது. தமிழில் ந. சஞ்சீவி ‘கும்மந்தான் கான்சாகிபு’ என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்து நிலவரத்தை மனதில் வாங்கிக்கொள்ளாமல் இவரைப் புரிந்துகொள்ள முடியாது. 1749இல் ஆம்பூர்ச் சண்டையில் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் செத்துப்போனார். நவாபு பட்டம் யாருக்கு என்று அவர் மகன் முகமது அலிக்கும் சந்தாசாகிபுக்கும் போட்டி. சந்தாசாகிபுக்குப் பின்னால் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள். முகமது அலிக்குப் பின்னால் சென்னைப்பட்டினத்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. இருவருமே சண்டைக்கு நம் ஊர் ஆட்களைத்தான் சம்பளத்துக்குப் பிடித்தார்கள். சம்பளம் நின்றால் சிப்பாய் அடுத்த முகாமுக்குப் போய்விடுவான். அதைத் துரோகம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பிழைக்க வேண்டுமே! மைசூர்த் தளவாய் நஞ்சராஜன் முகமது அலிக்கு உதவி செய்ய வந்து, பேசியபடி திருச்சிக் கோட்டை கைக்கு வரவில்லை என்றதும் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார். முகமது அலியின் சொந்த அண்ணன் மாபூஸ்கான் தம்பிக்கு எதிராகப் பாளையக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். திருவிதாங்கூர்ப் படை ஒரு சமயம் யூசுப்கானோடு நின்றது, இன்னொரு சமயம் புலித்தேவரோடு நின்றது. ராஜாக்களும் நவாபுகளும் இப்படி இருக்கும்போது, ஒரு சாதாரணச் சிப்பாய் 1752 வாக்கில் கம்பெனித் தளபதி கிளைவின் படையில் பேர் கொடுத்ததை மட்டும் தனியாக எடுத்துக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருச்சி முற்றுகையில்தான் அவர் பேர் வெளியே வந்தது. கோட்டைக்குள் கம்பெனிப் படை பட்டினியாக இருக்கிறது. வெளியே பிரெஞ்சுக்காரரும் மைசூர்க்காரரும் சூழ்ந்து நிற்கிறார்கள். தொண்டைமான் சீமையிலிருந்து காட்டு வழியே ராத்திரியோடு ராத்திரியாகத் தானிய வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் யூசுப்கான். தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் அவரைத் தன் பிள்ளைபோல் நம்பினார். ஓயாமல் உழைக்கிறான், தன் உடம்பைப் பார்ப்பதே இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார்.

அந்த நம்பிக்கையை உடைக்க ஒரு சூழ்ச்சி நடந்தது. லாரன்ஸிடம் துபாஷியாக இருந்தவர் பொன்னியப்பன். துபாஷி என்றால் மொழிபெயர்ப்பவர். வெள்ளைக்காரத் தளபதி காதில் எது விழ வேண்டும், எது விழக்கூடாது என்பது அவர் கையில்தான். இந்தப் பொன்னியப்பன் ரகசியமாக மைசூர்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். தனக்கு இடைஞ்சலாக இருந்த யூசுப்கானைத் தொலைப்பதற்காக, திருச்சிக் கோட்டையைக் காட்டிக்கொடுக்க யூசுப்கான் சம்மதித்துவிட்டார் என்று பொருள்படும் ஒரு கடிதத்தைத் தயார் செய்து, அது கம்பெனி ஆட்களின் கையில் சிக்கும்படி செய்தார். கடிதத்தைத் தளபதிக்குப் படித்துச் சொல்லும் வேலையும் அவருடையதே. யூசுப்கானைக் காவலில் வைத்தார்கள். விசாரணையில் கடைசியில் உண்மை வெளியே வந்தது. பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். 1754இல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் யூசுப்கான் கமாண்டன்ட் ஆனார். அதைத்தான் நம் ஜனங்கள் கும்மந்தான் என்றார்கள். பிறகு ஒரு தங்கப் பதக்கமும் கொடுத்தார்கள்.

தான் செய்யாத துரோகத்துக்கு ஒருமுறை கைதாகி, செத்துப் பிழைத்த மனிதர் அவர் என்பதை நான் மறப்பதில்லை. ஒரு கடிதத்தால் தலை போயிருக்கும். கம்பெனியின் நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று அவருக்கு அன்றே தெரிந்திருக்கும்.

1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை முதல்முறையாக மதுரைச் சீமைக்குள் வந்தது. வரி பாக்கியைப் பிரிப்பதுதான் காரியம். யூசுப்கானும் கூட வந்தார். புலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். மதுரைக்குப் பக்கத்தில் கோயில்குடிக் கோயிலில் புகுந்து ஐம்பொன் சிலைகளைக் கொள்ளையடித்து, ஒட்டகத்திலும் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கள்ளர்கள் நத்தம் கணவாயில் மறித்தார்கள். இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, நடுவில் ஒற்றை வண்டித்தடம். சாமான் வண்டி ஒன்று சேற்றில் அழுந்தி மொத்த வரிசையும் நின்றுபோன நேரத்தில் ஈட்டியும் வேலுமாகப் பாய்ந்து அடித்து, சாமி சிலைகளை மீட்டுக்கொண்டு போனார்கள். ஹெரான் பிறகு ராணுவ விசாரணையில் பதவி இழந்தார். தங்கள் சாமியை மீட்ட அந்தக் கள்ளர் நாட்டை யூசுப்கான் 1759இல் திரும்பி வந்தபோது என்ன செய்தார் தெரியுமா? நத்தம் காடுகளை வெட்டித் திறந்து பாதை போட்டு, பிடிபட்டவர்களைக் கொன்று தீர்த்தார். அவரைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் இது வருவதே இல்லை. வர வேண்டும்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டைக்கு வெளியே செங்கல்பட்டு, பரங்கிமலை வட்டாரத்தில் சுற்றிக்கொண்டு, லாலியின் படைக்கு வருகிற அரிசியையும் மாடுகளையும் மறித்து, ஒரு நாள்கூட நிம்மதியாக விடாமல் பின்னாலிருந்து குத்திக்கொண்டே இருந்தவர் யூசுப்கான். அவரோடு தோள் சேர்ந்து நின்ற ஆங்கிலேயக் கேப்டன் பெயர் பிரஸ்டன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டுவிட்டுப் போனார்.

அதற்குக் கூலியாக மதுரையும் திருநெல்வேலியும் யூசுப்கானுக்குக் குத்தகைக்குக் கிடைத்தன. வருஷம் 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். இங்கேதான் அவருடைய இரண்டு முகமும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. தெற்கே பாளையக்காரர்களோடு ஓயாத சண்டை. 1759 கடைசியில் வாசுதேவநல்லூரைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். விடவில்லை, 1761இல் மறுபடி வந்து நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் (அவர் பிறந்த பனையூர் வேறு) என்று புலித்தேவரின் மூன்று கோட்டைகளையும் பிடித்தார். எங்கள் ஊர்க் கோட்டை சுட்ட செங்கல்லோ கருங்கல்லோ இல்லை, வெறும் மண். வெயிலில் காய்ந்து காய்ந்து இறுகிய அந்தச் சுவரில் குண்டு பட்டால் ஒரு குழி விழும், அவ்வளவுதான், பிளக்காது. உடைந்த இடத்தில் குண்டு மழைக்கு நடுவே சனங்கள் ஓலையையும் வைக்கோலையும் ஈரமண்ணோடு திணித்து அடைப்பார்களாம். அப்படி அடைத்தவர்களின் வம்சத்தில் வந்தவள் நான். அவர் செய்ததை மறைக்க எனக்கு உரிமை கிடையாது.

மதுரையில் அவர் வேறு ஆள். அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கோயிலில் ஒரு பக்கீர் இடம் பிடித்துக்கொண்டு தர்கா கட்டக் கிளம்பியிருந்தார்; ஊரே கொந்தளித்துக்கொண்டிருந்தது. யூசுப்கான் பக்கீரைத் துரத்திவிட்டு, பறிபோன கோயில் மானியத்தைத் திரும்பக் கொடுத்தார். கண்மாய்களைப் பழுது பார்த்தார். நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் தறிகளை ஓடவைத்தார். வழிப்பறி குறைந்து ராத்திரியில் வண்டி போக முடிந்தது. நாயக்கர் காலத்துக் கோட்டையைச் சீர்படுத்தினார். அந்தக் கோட்டையின் மிச்சம் ஒன்றைப் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இன்றும் பார்க்கலாம். மற்றதெல்லாம் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிபட்டு, வெளிவீதிகளாகவும் பெருமாள் மேஸ்திரி வீதிகளாகவும் ஆகிவிட்டது. தினம் நாம் பஸ் பிடிக்க ஓடுகிற இடத்தில்தான் அகழி இருந்தது.

நவாபு முகமது அலிக்கு இது பொறுக்கவில்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்ததும் கம்பெனிக்குப் பிரெஞ்சுப் பயம் போயிற்று. யூசுப்கானின் தேவையும் குறைந்தது. நவாபிடம் கம்பெனி பணம் எதிர்பார்த்தது. நவாபு, மதுரை என் சீமை, அவன் எனக்குக் கட்டுப்பட வேண்டும் என்றார். இனிக் குத்தகைப் பணத்தை நவாபிடம் கட்டு என்று உத்தரவு வந்தது. 7 லட்சம் தருகிறேன், சீமையை என்னிடமே விடுங்கள் என்று யூசுப்கான் கேட்டுப் பார்த்தார். சிவகங்கைப் பிரதானி தாண்டவராய பிள்ளையும் ராமநாதபுரத்துப் பிரதானி தாமோதரம் பிள்ளையும் எல்லைத் தகராறுகளைச் சொல்லி நவாபிடம் முறையிட்டார்கள். புறப்பட்டுச் சென்னைக்கு வா என்று கம்பெனி கூப்பிட்டது. அவர் போகவில்லை. படை சேர்த்தார், தானியம் சேர்த்தார், மர்ஷான் என்ற பிரெஞ்சுக்காரரின் தலைமையில் ஒரு படைப்பிரிவை வேலைக்கு வைத்தார். 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. பத்து வருஷம் எந்தக் கொடியை எதிர்த்துச் சண்டை போட்டாரோ, அதே கொடி.

அந்த வருஷம் பிப்ரவரியிலேயே ஐரோப்பாவில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. ஏழாண்டுப் போரை முடித்த அந்த உடன்படிக்கையின் 11ஆவது பிரிவில், கர்நாடகத்தின் சட்டப்படியான நவாபு முகமது அலிதான் என்று பிரான்சும் ஒத்துக்கொண்டது. கப்பலில் செய்தி வர மாதக்கணக்கு ஆகிற காலம். எந்த ராஜ்யத்தின் நிழலை நம்பி அவர் கொடியேற்றினாரோ, அந்த ராஜ்யம் அவரை அவருடைய எதிரிக்கே எழுதிக் கொடுத்து முடித்திருந்தது. இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

என்னுடைய கணக்கு இதுதான். முன்பு அவர் இடம் மாறிய ஒவ்வொரு தடவையும் சம்பளமோ பதவியோ உயர்ந்தது. இந்தக் கடைசி மாற்றத்தில் அவருக்கு ஏறியது ஒன்றும் இல்லை, போனதுதான். சென்னைக்குப் போயிருந்தால் கும்மந்தான் பதவியோடும் பதக்கத்தோடும் வயசாகிச் செத்திருப்பார். மதுரையை விட மனமில்லாமல்தான் நின்றார். மனைவி மாசா போர்ச்சுக்கீசியக் கிறிஸ்தவ வழியில் வந்தவள், கைக்குழந்தை வேறு. அவர்களோடு கோட்டைக்குள் உட்கார்ந்தார். இதை நாட்டு விடுதலை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு நாடு அன்றைக்கு யார் மனதிலும் இல்லை. ஆனால் ஒரு குத்தகைக்காரர் தன் சீமைக்குத் தானே ராஜாவாக நினைத்து, கம்பெனியையும் நவாபையும் சேர்த்தே எதிர்த்து நின்றார். அந்தத் துணிச்சலுக்கு என் தலை வணங்குகிறது. அதே தலை, நெற்கட்டும்செவலை நினைக்கும்போது நிமிர்ந்து அவரைக் கேள்வியும் கேட்கிறது.

1763 செப்டம்பரில் கர்னல் மான்சன் முற்றுகையைத் தொடங்கினார். மழை பிடித்து நவம்பரில் விலகவேண்டி வந்தது. அடுத்த வருஷம் மேஜர் சார்லஸ் கேம்பல் தலைமையில் மறுபடி வந்தார்கள். நவாபே நேரில் வந்து முகாமிட்டார். 1764 ஜூன் 26ஆம் தேதி மதிலை உடைத்து உள்ளே ஏறப் பார்த்தார்கள். யூசுப்கானின் ஆட்கள் அடித்து விரட்டினார்கள். அன்று மரணக் காயம்பட்டு விழுந்தவர்களில் ஒருவர் பிரஸ்டன். ஆமாம், பரங்கிமலையில் தோளோடு தோள் நின்றாரே, அவரேதான். அப்போது சென்னையில் கம்பெனிப் படைகளுக்கெல்லாம் தலைவராக இருந்தவரும், யூசுப்கானைத் தூக்கி வளர்த்த அதே லாரன்ஸ்தான்.

சண்டையில் முடியாததைப் பசி முடித்தது. வைகையின் இரண்டு கரையையும் மறித்து ஒரு மூட்டை நெல்கூட உள்ளே போகாமல் செய்தார்கள். கோட்டைக்குள் குதிரையையும் குரங்கையும் பூனையையும் தின்கிற நிலை வந்தது. சரணடையப் பேசலாம் என்றார் மர்ஷான். வாக்குவாதத்தில் யூசுப்கான் அவரை அடித்துவிட்டார் என்கிறார்கள். சம்பளம் வாங்கிப் பிழைக்க வந்த பிரெஞ்சுக்காரருக்கு, பிறந்த மண்ணில் சாக நிற்பவரின் பிடிவாதம் எப்படிப் புரியும்? திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபாசாகிபு, மர்ஷான் மூவரும் சேர்ந்தார்கள். அக்டோபர் 13ஆம் தேதி மாலை, அவர் தொழுகையில் இருந்தபோது பாய்ந்து பிடித்து அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டிப்போட்டார்கள். மறுநாள் கேம்பலிடம் ஒப்படைத்தார்கள். கேம்பல் நவாபிடம் கொடுத்தார். அதற்கும் மறுநாள் தூக்கு. பத்து வருஷம் தனக்காக ரத்தம் சிந்திய ஆளுக்குக் கம்பெனி ஒரு விசாரணைகூட வைக்கவில்லை. பொன்னியப்பன் விஷயத்தில் விசாரித்தவர்கள்தானே இவர்கள்?

அவரை ஒழித்தால் தங்கள் சீமை பிழைக்கும் என்று நம்பியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1772 ஜூன் மாதம், வரிப் பாக்கியைக் காரணம் காட்டி அதே நவாபுக்காக அதே கம்பெனிப் படை சிவகங்கைச் சீமைக்குள் புகுந்தது. காளையார்கோவிலில் ராஜா முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலுநாச்சியாரும் பிரதானி தாண்டவராய பிள்ளையும் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குத் தப்பிப் போனார்கள். யூசுப்கானை எதிர்த்து நவாபிடம் போய் நின்ற அந்தத் தாண்டவராய பிள்ளை, அந்த வருஷக் கடைசியில் நவாபுக்கும் கம்பெனிக்கும் எதிராகக் குதிரைப்படையும் காலாட்படையும் கேட்டு மைசூர் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார்.